கேமராவுக்கு மட்டும் பொட்டு இல்லை

இன்று வெள்ளிக்கிழமை. உத்தமபாளையத்தில் என் ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, ஒரு மூடியில் சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பு, பிரிண்டர், லேமினேஷன் மிஷின், ஸ்டாண்டில் நிற்கும் இரண்டு லைட், பாஸ்போர்ட் படம் வெட்டும் கட்டர் என்று எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு மஞ்சள் வட்டம், நடுவில் குங்குமம். மேஜை மேல் கேமரா இருந்தது. அதற்கு மட்டும் வைக்கவில்லை. கல்யாணத்துக்குத் தேதி சொல்ல வந்திருந்த ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, "என்ன தம்பி, சோறு போடுற சாமானுக்கு வைக்காம விட்டுட்டீக?" என்று கேட்டார். "அதுக்குச் சந்தனம் ஒத்துக்காதுண்ணே" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மெய்யாகவே அதற்குச் சந்தனம் ஒத்துக்கொள்ளாதுதான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது, அதற்குள் நடக்கக் கூடாதது நடந்து முடிந்திருந்தது.

இந்த வெள்ளிக்கிழமைப் பொட்டு என் பழக்கம் இல்லை. எங்கள் டிசைனர் அக்கா கொண்டுவந்தது. கல்யாண ஆல்பத்தைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கிறவரை எங்கள் தொழிலில் டிசைனர் என்போம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சம்பளம் கொடுக்கிறவன் என்ற மரியாதைக்காக 'ங்க' போடுவார், ஆனால் கூப்பிடுவது தம்பி என்றுதான். தினமும் காலையில் ஓடைப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். மற்ற ஸ்டுடியோக்களில் ஆயுதபூஜைக்கு ஒருநாள் பொட்டு வைப்பதோடு சரி. அக்காவுக்கு வாரா வாரம் ஆயுதபூஜை. பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பினால்கூட, "போன வெள்ளிக்கெழம பொட்டு வைக்கயில அவசரப்படுத்துனீகள்ல, அதான்" என்று பழியை என் தலையில் கட்டிவிடுவார்.

ஆல்பத்தை யாரும் செய்துவிடலாம். அக்காவின் கைத்திறமை தெரிவது இறந்தவர்களின் படத்தில். ரேஷன் கார்டில் இருந்த படத்தையோ, கல்யாணக் கூட்டத்தில் பாதி முகம் தெரிகிற படத்தையோ நீட்டி, "இதுல இருந்து எங்கய்யாவ எடுத்துக் குடுங்க" என்பார்கள். அக்கா சட்டை போட்டுவிடுவார், மறைந்துபோன காதை வரைந்து சேர்ப்பார், கலைந்த முடியைச் சீவிவிடுவார். கண் சரியில்லை என்றால் மட்டும் எதையும் தொடமாட்டார். "மகன், மக, கூடப் பொறந்தவுக யாருக்காச்சும் அவுக கண்ணு சாடை இருக்கா?" என்று கேட்டு, அந்த ஆளைக் கூட்டிவரச் சொல்லி, என்னை ஒரு படம் எடுக்கவைத்து, அந்தக் கண்ணை இங்கே பொருத்துவார். "கண்ண வெளிய வாங்கக் கூடாது தம்பி, வீட்டுக்குள்ளதான் வாங்கணும்" என்பார். அது மகனுடைய கண் என்று தெரிந்தவர்களே படத்தைப் பார்த்து, "அய்யா அப்படியே பாக்குறாக" என்று அழுதுவிடுவார்கள்.

போன வருடம் பொங்கல் கழிந்து கல்யாண சீசன் தொடங்குவதற்குள் பழைய பெரிய கேமராவைத் தள்ளிவிட்டு மிர்ரர்லெஸ் கேமரா வாங்கினேன். பழையது செங்கல் மாதிரி இருக்கும், உள்ளே ஒரு கண்ணாடி டப் டப் என்று எழுந்து அடங்கும். புதியதில் அந்தக் கண்ணாடி கிடையாது, அதனால் உடம்பும் சிறுத்துவிட்டது. முதல் வெள்ளிக்கிழமை அக்கா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன தம்பி, பொட்டு வைக்க நெத்தியே இல்ல?" என்றார். பழையதற்கு ஃப்ளாஷ் இருக்கும் மேட்டில் அகலமாக இடம் இருந்தது. இதில் லென்ஸ் மாட்டுகிற வளையத்துக்கு நேர் மேலே ஒரு விரல் அகலம்தான் மிச்சம். அங்கே குறி தப்பாமல் ஒன்றை வைத்துவிட்டு, "ஆங், இப்பத்தான் மொகம் வந்துச்சு" என்றார். வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்று எனக்கும் சின்ன வயதிலிருந்து ஊறிப்போயிருந்தது. காய்ந்து தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவேன்.

அடுத்த வாரமே சனியன் தொடங்கிவிட்டது. இந்தக் கேமராவில் ஆளைப் பார்த்து நீட்டினால் திரையில் ஒரு பச்சைக் கட்டம் வந்து கண்ணின் மேல் உட்கார வேண்டும். லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி லேசாக முன்னே பின்னே நகர்ந்து, கண் தெளிவாகத் தெரிகிற இடத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக்கொண்டே இருந்தால் முகம் மங்கும், தெளியும், மறுபடி மங்கும். இதை நாங்கள் ஹன்டிங் என்போம். கூடலூரில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் முழங்க மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்துக்குக் கொண்டுபோகிறார். பச்சைக் கட்டம் பெண்ணின் முகத்தில் உட்கார்ந்தது, எழுந்தது, பின்னால் நின்ற தவில்காரரிடம் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. மூன்று முடிச்சும் விழுந்து முடிந்தபோது என்னிடம் தெளிவாக இருந்தது தவில்காரரின் காது ஒன்றுதான். ஆல்பம் பார்க்க வந்த தாய்மாமன் அந்தக் காதைக் காட்டி, "இவருக்கா நாங்க சீர் செஞ்சோம்?" என்று கேட்டார். அக்கா வீடியோவிலிருந்து ஒரு காட்சியைப் பிடித்து எப்படியோ ஒப்பேற்றினார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மேடையின் எல்.இ.டி. விளக்கு சிமிட்டுவதால் என்றேன். மாலையில் இருக்கும் ஜிகினா கேமராவைக் குழப்புகிறது என்றேன். லோயர் கேம்ப் வாய்க்கால் ஓரம் ஒரு ஜோடியை எடுத்தபோது காற்றில் சேலை பறப்பதால் என்றேன். முகம் கண்டுபிடிக்கும் வசதியை அணைத்தேன், ஒரே புள்ளியில் வைத்தேன், மெனுவில் இருந்த அத்தனை அமைப்பையும் அழித்துப் புதிதாகப் போட்டேன், கம்பெனி அனுப்பிய புது சாஃப்ட்வேரை ஏற்றினேன், லென்ஸ் முன்னால் இருந்த பில்டரைக் கழற்றி எறிந்தேன். யூடியூபில் ஒருவர் பேட்டரியை மாற்று என்றார், மாற்றினேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், அத்தனையும் செய்தேன். லென்ஸைக் கழற்றி உள்ளே பார்ப்பேன். வளையத்தின் அடியில் வரிசையாகத் தங்க நிறத்தில் சின்னச் சின்னப் பித்தளைப் பற்கள் இருக்கும். லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்வது அவற்றின் வழியாகத்தான். மஞ்சளாகப் பளபளவென்று இருந்தன. அதில் என்ன குறை இருக்க முடியும் என்று மூடிவிடுவேன்.

மதுரை சர்வீஸ் சென்டருக்கு இரண்டு தடவை கொண்டுபோனேன். இரண்டு தடவையும் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயே நீட்டிப் பார்த்தால் கல் மாதிரி நின்றது. ஊருக்கு வந்தும் திங்கள், செவ்வாய், புதன் வரைக்கும் ஒழுங்காக வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது. எனக்கு என்றே காத்திருந்து வஞ்சம் தீர்க்கிறதோ என்று தோன்றிவிட்டது. அப்படியே தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல ஆத்திரம் வரும், விலை ஞாபகம் வந்து அடங்கிக்கொள்வேன்.

ஒருநாள் அக்கா கம்ப்யூட்டரிலிருந்து திரும்பாமலே, "தம்பி, ஒன்னு சொல்லவா, கோவிக்கக் கூடாது" என்றார். "தேதி வாரியாப் போட்டுப் பாத்தேன். புதன், வியாழன் எடுத்த பாஸ்போட் படம் எல்லாம் கண்ணாடியா இருக்கு. வெள்ளிக்கெழம கழிஞ்சாத்தான் கெடுது." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேமரா என்ன வெள்ளிக்கெழம விரதமாக்கா? போயி ஆல்பத்தைப் பாருங்க" என்று கத்திவிட்டேன். "எனக்கென்ன தெரியும், கண்ணுல பட்டதச் சொன்னேன்" என்று அவர் பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தார். ஏழு மாதத்தில் உருப்படியாக ஒரு துப்பு சொன்னவர் அவர் ஒருவர்தான். அன்று காது கொடுத்துக் கேட்டிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அக்காவின் அப்பா ஓடைப்பட்டியில் ஒரு ஏக்கர் திராட்சை வைத்திருந்தார். படம் எடுக்கப் போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போட்டோ என்றால் ஸ்டுடியோக்காரர் வந்து எடுப்பதுதான் என்பது அவர் எண்ணம். வைகாசியில் ஒருநாள் அக்கா சொன்னார்: "ஊருல உள்ளவுக அப்பனுக்கெல்லாம் படம் செஞ்சு குடுக்கேன், எங்கப்பாவுக்கு ஒன்னுகூட ஒழுங்கா இல்ல. நல்லா இருக்கயிலயே ஒன்னு எடுத்துருங்க தம்பி. அவுக கண்ண நான் யாருகிட்டயும் வாங்கக் கூடாது." அதைவிட நியாயமான கோரிக்கையை என்னிடம் யாரும் வைத்ததில்லை. அடுத்த சனிக்கிழமையே போனேன். முந்தின நாள் வைத்த பொட்டு கேமராவில் அப்படியே இருந்தது. தோட்டத்தில் வைத்து லென்ஸை மாற்றிக்கொண்டேன்.

வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரி, பந்தலுக்குக் கீழே கவிழ்த்துப் போட்ட பழப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகப் பன்னீர்த் திராட்சை. இலைக்கு நடுவே வந்த வெயில் அவர் தோளில் விழுந்தது. இதைவிட நல்ல வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. நான் கேமராவை நீட்டியதும் பச்சைக் கட்டம் அவர் கண்ணில் உட்கார்ந்து, எழுந்து, பின்னால் இருந்த கம்பிக்கு ஓடியது. இலைக்குப் போனது, பழத்துக்குப் போனது, மூக்குக்கு வந்தது, மறுபடி கம்பிக்கு ஓடியது. கையால் திருப்பினேன். இந்த லென்ஸில் கையால் திருப்பும் வளையமும் உள்ளே மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது, அதுவும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "அசையாதீகய்யா" என்றேன். அவர் அசையவே இல்லை. மறுபடியும், கொஞ்சம் சத்தமாகவே, "அசையாம இருந்தாத்தான வரும்" என்றேன். ஒரு மணி நேரம் அந்த மனிதர் மூச்சுக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில் சிரித்துக்கொண்டே, "நான் இங்கனதானப்பா இருக்கேன், உன் மிசினு எங்கன தேடிக்கிட்டுக் கெடக்கு?" என்று கேட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்தபோது எல்லாமே மங்கல். ஒரு படத்தில் அவருக்குப் பின்னால் இருந்த இலையின் நரம்பு வரைக்கும் தெரிந்தது, அவர் கண் இரண்டும் பனிக்குள் இருந்தன. "பரவால்ல தம்பி, மிசினு சரியானதும் இன்னொரு நாளு எடுப்போம்" என்றார் அக்கா. தெரிந்தவரிடம் வேறொரு கேமராவை இரவல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை வைத்துக்கொண்டு இன்னொருவனிடம் போய் நிற்பதா என்ற ரோஷம். சீசன் முடியட்டும், சர்வீஸுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். ஆடி கடைசியில் ஒரு காலை, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் அக்கா அந்தச் சனிக்கிழமைப் படங்களைத் திறந்தார். மங்கலைத் தெளிவாக்கித் தருகிற ஏ.ஐ. ஒன்று இப்போது இருக்கிறதே, அதில் போட்டுப் பார்த்தார். அரை நிமிடத்தில் கூர்மையான இரண்டு கண்களோடு ஒரு முகம் வந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு தம்பி?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. "உங்க கண்ணு அய்யா சாடைதானக்கா, வேணும்னா உங்களை எடுத்து..." என்று இழுத்தேன். "வேணாம் தம்பி" என்று அழித்தார். மங்கலாக இருந்த படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக்கொண்டார். "போட்டோ ஸ்டுடியோவுல வேல பாக்குற, இப்படியா இருக்கும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்குத் தெரியும், நானே பக்கத்தில் இருந்து கேட்டேன். "எடுக்கயில அப்பா அசைஞ்சுட்டாக."

அந்த வாரமே மதுரைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை மெக்கானிக்கை விட்டு நகராமல் எதிரே உட்கார்ந்துகொண்டேன். லென்ஸைக் கழற்றி, பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து அந்தப் பித்தளைப் பற்களைத் துடைத்தார். எல்லாருக்கும் செய்கிற வேலைதான், இரண்டு தடவையும் இதைச் செய்துவிட்டுத்தான் குறை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இந்தத் தடவை துடைத்தவர் குச்சியைக் கீழே போடப் போய், நிறுத்தி, மூக்கருகில் கொண்டுபோனார். "அண்ணே, வாசமா இருக்கு. சந்தனமா?" குச்சி நுனி மஞ்சளாகவும் லேசாகச் சிவப்பாகவும் இருந்தது. லென்ஸைத் திருகிக் கழற்றும்போதெல்லாம் காய்ந்த பொட்டு மாவாக உதிர்ந்து உள்ளே விழுந்து, தங்க நிறப் பற்களில் தங்க நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்தடுத்து லென்ஸைத் திருகுவதில் புதன், வியாழனுக்குள் அதுவே தேய்ந்து விலகும், வெள்ளிக்கிழமை புதுப் பொட்டு வந்து மறுபடி உதிரும். ஏழு மாதம் நான் பார்த்துப் பார்த்து மெச்சிய பளபளப்பில் பாதி சந்தனம்.

திரும்பி வருகிற பஸ்ஸில், அக்காவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கூடலூர் கல்யாணம், தாய்மாமனின் ஏச்சு, இழந்த ஆர்டர்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வெள்ளிக்கெழமன்னு அன்னைக்கே சொன்னீகளே, அந்த வெள்ளிக்கெழம நீங்கதான்க்கா என்று முடிக்க வேண்டும். ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்போதுதான் உறைத்தது. அவர் அப்பாவின் முகத்தை மங்கவைத்தது அவர் விரல்தான் என்று நான் அவரிடம் சொல்லப்போகிறேன். கோபம் அப்படியே இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது அக்கா தலையை நிமிர்த்தி, "சரியாயிருச்சா தம்பி?" என்றார். "சரியாயிருச்சுக்கா. உள்ள ஒரு ஒயர் லூசாம்" என்றேன். "ஒயருதானா" என்றார். "ஒயருதான்க்கா." அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். அவர் தேடவில்லை. ஆயுதபூஜைக்கு மறைக்க முடியவில்லை, எல்லாச் சாமானோடும் வரிசையில் இருந்தது. கட்டர் வரைக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர் கேமராவைத் தாண்டிப் பிரிண்டருக்குப் போய்விட்டார். நல்லவேளை, மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்காக ஒரு உண்மையை விழுங்கியிருக்கிறோம் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

இந்த ஆடியில், அப்பா இறந்து வருசம் கும்பிடுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா, "தம்பி, தோட்டத்துல வச்சு என்னைய ஒரு படம் எடுக்கணும்" என்றார். போனேன். அதே பந்தலுக்குக் கீழே, அதே பழப் பெட்டியில், அதே வெயில் தோளில் விழுகிற மாதிரி உட்கார்ந்தார். நீட்டியதும் பச்சைக் கட்டம் அவர் கண்ணில் வந்து உட்கார்ந்தது. எழுந்திருக்கவே இல்லை. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த இரண்டு நிமிடத்துக்காக அந்தக் கேமராவை நான் வெறுத்த மாதிரி எப்போதும் வெறுத்ததில்லை. அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அப்பா அன்னைக்கு அசையல தம்பி" என்றார். "ஆமாக்கா, அசையல" என்றேன். கும்பிட்ட அன்று சுவரில் இருந்த படத்தில் கண் தெளிவாக இருந்தது. சட்டத்தின் கண்ணாடி மேல், நெற்றிக்கு நேராக அக்கா ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார்.

அம்மாவைத் தனியாக விட முடியாது என்று அதன்பிறகு அக்கா வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஆல்பம் செய்து அனுப்புகிறார். ஸ்டுடியோவில் அவர் நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். எங்கள் ஸ்டுடியோ நம்பரின் வாட்ஸ்அப் எப்போதும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் திறந்திருக்கும், படம் அனுப்புகிறவர்கள் அதற்கு அனுப்புவார்கள். சர்வீஸ் சென்டரில் நான் கொடுத்திருந்ததும் அந்த நம்பர்தான், என் போனில் அது கிடையாது. போன வாரம் கேமரா வாரண்டிக்காகச் சர்வீஸ் சென்டரின் பழைய தகவல்களைத் தேடிப்போனபோது, அந்த மூன்றாவது தடவை மெக்கானிக் அனுப்பிய படம் ஒன்று கிடைத்தது. மஞ்சள் நுனியோடு அந்தப் பஞ்சுக் குச்சி. கீழே, "அண்ணே, இதான் பிரச்சினை. கேமராவுல பொட்டு வைக்க வேணாம்னு சொல்லிருங்க." அனுப்பிய நேரம் காலை பதினொன்றே முக்கால். நான் அப்போது மதுரையை விட்டுக் கிளம்பவே இல்லை. அன்று ஸ்டுடியோவில் இருந்தது அக்கா ஒருவர்தான். அந்தப் படத்துக்கு எங்கள் நம்பரிலிருந்து ஒரு பதில் போயிருந்தது. "சரிங்க."

ஆக, நான் கணவாய் தாண்டும்போது மென்று விழுங்கிய உண்மை எனக்கு முன்னால் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் சரியாயிருச்சா என்று கேட்டிருக்கிறார். நான் ஒயர் என்று புளுகியதை ஒயருதானா என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வருடம் நான் அவரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மேஜை மேல் இருக்கும் கேமராவை எடுத்துச் சும்மா தெருவைப் பார்த்து நீட்டினேன். எதிர்க்கடை வாசலில் நின்றவரின் கண்ணில் பச்சைக் கட்டம் உடனே வந்து நின்றது, அசையவில்லை. இனிமேல் இது யாரையும் தேடாது. இங்கனதானப்பா இருக்கேன் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த அந்த ஒருவரைத் தவிர எல்லாரையும் பிடித்துவிடும்.